கருவிக்கு முன் செயன்முறை: மாத்தளை மாவட்ட வர்த்தகர் சங்கங்களுக்கும் விவசாயிகள் அமைப்புகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்



வெப்பநிலையும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்படும் 5,000 மெட்ரிக் தொன் கொள்ளளவுடைய விவசாயக் களஞ்சியம் ஒன்று, இந்திய அரசின் உதவியுடன் தம்புள்ளையில் அமைக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அக்களஞ்சியம் மட்டுமல்லாமல், இலத்திரனியல் தராசு, ஈரப்பதன்மானி, விலைத் தகவல் செயலி, கியூஆர் வழிக் கொடுப்பனவு, கணக்கு வைக்கும் மென்பொருள் என்று பல கருவிகள் இன்று மாவட்டத்தின் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் தோட்டக் காரியாலயங்களுக்கும் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றை விற்க வருபவர்கள் தமது கருவி எதையெல்லாம் செய்யும் என்பதை விரிவாக எடுத்துரைக்கின்றார்கள். வாங்குபவரின் வேலை இப்போது எவ்வாறு நடக்கின்றது என்று கேட்பவர்களோ மிகச் சிலர். அந்தக் கேள்வியை வாங்குபவர்களே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இம்மடல் எழுதப்படுகின்றது. அதற்கான காரணங்களைத் தேடி வெளிநாட்டுப் பாடநூல்களுக்குப் போக வேண்டியதில்லை; கடந்த கால் நூற்றாண்டில் தம்புள்ளையில் நடந்தவற்றை ஒழுங்காக நினைவுகூர்ந்தாலே அவை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தொழிற்செயன்முறை என்று முகாமைத்துவ நூல்கள் அழைப்பது, ஒரு பொருளோ தகவலோ பணமோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிச் செல்லும் ஒழுங்கைத்தான். எந்தப் படியில் யார் முடிவெடுக்கின்றார், நட்டம் வந்தால் யார் தலையில் விழுகின்றது, பின்னர் வழக்கு வந்தால் காட்டுவதற்கு எந்தத் துண்டு அல்லது கொப்பி கையில் எஞ்சுகின்றது என்பனவும் அதற்குள் அடங்கும். 1995 இல் டேல் குட்ஹியூ, ரொனால்ட் தொம்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் முன்வைத்த பணி–தொழில்நுட்பப் பொருத்தம் என்னும் கோட்பாடு, ஒரு கருவியால் விளையும் பயன், செய்யப்படும் பணிக்குத் தேவையானவற்றோடு அக்கருவியின் ஆற்றல் எந்த அளவுக்கு இசைகின்றது என்பதையும், அது நடைமுறையில் எந்த அளவுக்குப் பயன்படுத்தப்படுகின்றது என்பதையும் பொறுத்தது என்று கூறுகின்றது. இதில் புதிதாக என்ன இருக்கின்றது என்று தோன்றலாம். ஆயினும், பல இடங்களில் கருவி வாங்கியவர்கள் கருவியின் ஆற்றலை மட்டும் பார்த்து வாங்கியிருக்கின்றார்கள். பணியை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே செல்லும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸையிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் ஏ6 வீதியும் தம்புள்ளையை அண்டிச் சந்திப்பதால், மலைநாட்டின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் போஞ்சியும், உலர்வலயத்தின் கத்தரியும் பூசணியும் வெண்டியும் பெரிய வெங்காயமும் அங்கே வந்து குவிவது இயல்பாயிற்று. 1999 இல் தொடங்கப்பட்ட விசேட பொருளாதார மத்திய நிலையம், அதற்கு முன்னரே வீதியோரத்தில் நடந்துவந்த இந்த வியாபாரத்துக்கு ஒரு கூரையையும் கடைத்தொகுதியையும் கொடுத்தது. அங்கு நடப்பது ஏலம் அன்று. ஒவ்வொரு கடையிலும் முதலாளிக்கும் கொள்வனவாளருக்கும் இடையில் தனித்தனியாகப் பேசி முடிக்கப்படும் பேரம். ஆகையால் ஒரே தக்காளி ஒரே நாளில் காலையில் ஒரு விலைக்கும் பிற்பகலில் வேறொரு விலைக்கும், பக்கத்துப் பக்கத்துக் கடைகளிலேயே சற்று வேறுபட்ட விலைக்கும் போவதுண்டு. விவசாயி லொறியில் கொண்டுவந்து இறக்குகின்றார், நாட்டாமைமார் மூட்டைகளைச் சுமந்து அடுக்குகின்றார்கள், முதலாளி தரகுப்பணம் எடுத்துக்கொண்டு விற்றுக்கொடுக்கின்றார் அல்லது தாமே வாங்கிக்கொள்கின்றார், கொழும்பிலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வரும் மொத்த வியாபாரிகள் ஏற்றிச் செல்கின்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது இவ்வளவுதான்.

கண்ணில் படாத பகுதி கடன். விதைக்கும் உரத்துக்கும் சில வேளைகளில் வீட்டுத் தேவைக்கும் முதலாளியிடமிருந்து முற்பணம் பெற்றுக்கொள்ளும் விவசாயி, அறுவடையை அவரிடமே கொண்டுவருகின்றார். எழுதப்பட்ட உடன்படிக்கை எதுவும் இல்லாவிட்டாலும் இருவருக்குமே அது தெரியும். எல்லா விவசாயிகளும் இவ்வாறு கட்டுண்டவர்கள் என்று கூறிவிட முடியாது. வங்கி நுழையத் தயங்கும் இடத்தில் கடன் கொடுப்பவரைச் சுரண்டுபவர் என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடுவதும் நியாயமாகாது. மழையாலும் நோயாலும் பயிர் அழிந்தால் அடுத்த போகத்துக்கு மறுபடியும் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அவரே. இங்கு வேண்டப்படுவது தீர்ப்பு அன்று, ஒரு குறிப்பு: விற்பனை எங்கே நடக்கப்போகின்றது என்பது, அறுவடைக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே, விதை வாங்கிய நாளிலேயே பல வேளைகளில் தீர்மானமாகிவிடுகின்றது.

இந்தப் பின்னணியில்தான் 2000 களின் முதற்பாதியில் கொவி ஞான சேவை என்னும் விலைத் தகவல் முறை தம்புள்ளையில் தோன்றியது. பொருளியலாளரும் பின்னாளில் அரசியலுக்கு வந்தவருமான ஹர்ஷ டி சில்வா முன்னின்று உருவாக்கிய அம்முறையில், கடைகளுக்குச் சென்று விலைகளைக் கேட்டுச் சேகரிப்பவர்கள் அவற்றைக் கணினியில் பதிவுசெய்ய, நிலவும் விலைகள் சந்தைக்குள்ளேயே திரையில் காட்டப்பட்டன. 2009 இல் டயலொக் நிறுவனத்தின் ட்ரேட்நெட் சேவை வழியாக அவை கையடக்கத் தொலைபேசிக்கும் சென்றன. அம்முயற்சிக்குப் பின்னால் வலுவான ஆய்வும் இருந்தது. லேர்ன்ஏசியா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தம்புள்ளைச் சந்தையில் விற்கும் மரக்கறி விவசாயிகளிடம் நடத்திய ஆய்வில், பயிரிடும் முடிவிலிருந்து விற்பனை வரையிலான மொத்தச் செலவில் ஏறத்தாழ 15 சதவீதம் பரிமாற்றச் செலவு என்றும், அதிலும் பெரும்பகுதி தகவலைத் தேடுவதற்கான செலவு என்றும் தெரியவந்தது. பரிமாற்றச் செலவு என்பது பொருளை உற்பத்தி செய்வதற்கான செலவு அன்று; யாரிடம் விற்பது, என்ன விலை, அவரை நம்பலாமா என்று அறிந்து பேசி முடிப்பதற்கு ஆகும் பயணமும் நேரமும் பணமுமாகும்.

திரையில் தெரியும் விலை பேரத்தின்போது விவசாயிக்கு ஒரு பிடியைக் கொடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு மேல் அது எவ்வளவு செய்யும் என்பதை அளப்பதற்கு, கேரளக் கடற்கரையில் நடந்ததை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும். 1997 க்கும் 2001 க்கும் இடையில் கேரளத்தின் வடக்குக் கரையோரங்களுக்குக் கைபேசிச் சேவை வந்தபோது, மத்தி மீன்பிடிப் படகுகளின் வணிகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை ஆராய்ந்த ரொபர்ட் ஜென்சன் 2007 இல் தமது முடிவுகளை வெளியிட்டார். அதுவரை ஒரு கரையில் வாங்குவார் இல்லாமல் மீன் கொட்டப்பட, அருகிலுள்ள கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்பிய நிலை மாறியது. பிடிபட்டதில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிவந்தது ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது.

தொலைபேசி ஒன்றுதான், விலைச்செய்தியும் ஒன்றுதான். வேறுபட்டது முடிவு எடுக்கப்படும் இடம். கடலில் நிற்கும் படகு எந்தக் கரைக்குப் போவது என்று தீர்மானிக்கும் வேளையிலேயே செய்தி அதற்குக் கிடைத்தது. படகைத் திருப்புவதற்கு மேலதிகமாகச் செலவானது சிறிது எரிபொருள் மட்டுமே. கலேவெலையிலோ நாவுலையிலோ தக்காளியைப் பறித்து மூட்டை கட்டி, கூலி லொறியில் ஏற்றி, தமக்கு முற்பணம் தந்தவரின் கடைவாசலுக்கு வந்துசேர்ந்த விவசாயிக்கு, மீகொடைச் சந்தையில் இன்று விலை கூடுதல் என்ற செய்தி வருத்தத்தைத் தருமே தவிர வேறு வழியைத் தராது. ஆகவே விலைத் திரை தவறான கருவி என்று கூறுவதற்கில்லை. செயன்முறையின் கடைசிப் படியில், முடிவுகள் பெரும்பாலும் முடிந்துவிட்ட இடத்தில், அது பொருத்தப்பட்டது என்பதே சரியான மதிப்பீடு.

அதே தொழில்நுட்பத்தை முதற்படிக்கு நகர்த்தினால் கணக்கு மாறும். சென்ற போகத்தில் விலை ஏறிய பயிரை இந்தப் போகத்தில் எல்லோரும் நடுவதும், மூன்று மாதத்தின் பின் எல்லோருடைய விளைச்சலும் ஒரே கிழமையில் சந்தைக்கு வந்து விலை சரிவதும் தங்களில் எவருக்கும் புதிய செய்தி அன்று. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் மத்திய வங்கியும் தம்புள்ளை மொத்த விலைகளை ஒழுங்காக வெளியிட்டுவருகின்றன. இன்றைய விலை கிடைக்கவில்லை என்பது இன்று எவரதும் குறையாக இருக்க முடியாது. நடுவதற்கு முன் விவசாயிக்கு வேண்டியது, இதே பயிரை இந்தக் கிழமை எத்தனை ஏக்கரில் மற்றவர்கள் நட்டுவிட்டார்கள் என்ற விபரம். நாற்று விற்பவருக்கும் விதைக்கடைக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அது துண்டு துண்டாகத் தெரியும். அந்தத் துண்டுகளை ஒன்றுசேர்த்து, நடுகைக்கு முன்னரே குறுஞ்செய்தியாக அனுப்பும் ஒரு எளிய ஏற்பாடு, சந்தை வாசலில் எரியும் பெரிய திரையைவிட அதிகம் பயன்தரும் என்று துணிந்து கூறலாம்.

அடுத்துக் குறிப்பிட வேண்டியது, நினைவுபடுத்தப்படுவதைத் தங்களில் சிலர் விரும்பமாட்டார்கள் என்றாலும், பிளாஸ்டிக் கூடை விவகாரம். இலங்கையில் மரக்கறியிலும் பழங்களிலும் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்கும் நுகர்வுக்கும் இடையில் வீணாகின்றது என்பது நீண்ட காலமாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீடு. சாக்கு மூட்டையில் அமுக்கிக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஆட்களும் ஏறியமர்ந்து வரும் லொறியில் அடிமூட்டைத் தக்காளி என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. கூடையில் அடுக்கினால் மேலுள்ள பாரத்தைக் கூடையின் சட்டம் தாங்கும், காய் தாங்க வேண்டியதில்லை. பொறியியல் நோக்கில் இதைவிடத் தெளிவான தீர்வு கிடையாது. அதனால் 2011 இன் பிற்பகுதியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளை மூலம் கூடைகள் கட்டாயமாக்கப்பட்டன. தம்புள்ளை உட்படப் பல சந்தைகளில் எதிர்ப்பும் கடையடைப்பும் நிகழ்ந்தன. சில கிழமைகளுக்குள்ளேயே அக்கட்டளை தளர்த்தப்பட்டது.

எதிர்த்தவர்கள் அனைவரும் பழமைவாதிகள் என்று அன்று எழுதப்பட்டவற்றில் உண்மை குறைவு. மூட்டையாக ஏற்றும்போது கொள்ளும் நிறையைக் கூடைகளாக ஏற்றும்போது அதே லொறி கொள்ளாது. ஆகவே கிலோவுக்கான ஏற்றுக்கூலி உயர்கின்றது. சாக்கு ஒருவழிப் பயணி. கூடையோ வெறுமையாகத் திரும்பிவர வேண்டும், அதற்கும் லொறியில் இடம் வேண்டும். யாழ்ப்பாணத்து வியாபாரி ஏற்றிச் சென்ற கூடை யாருடையது, அது திரும்பி வராவிட்டால் யார் பொறுப்பு, கழுவுவது யார், வெறுங்கூடையின் நிறையைக் கழிப்பது எந்தக் கணக்கில் என்ற கேள்விகளுக்குக் கட்டளையில் விடை இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடைக்குப் பணம் கொடுப்பவர் விவசாயி அல்லது தம்புள்ளை முதலாளி. நசுங்காத தக்காளியால் நன்மையடைபவர் இரண்டு நாள் கழித்து அதை விற்கும் சில்லறைக் கடைக்காரர். கடைவாசலில் நிறுத்துப் பணம் கொடுத்த பின் மூட்டைக்குள் நசுங்கியிருப்பது விற்றவரின் கவலை அன்று. நிறுக்கும்போதே கழிவு என்று சில கிலோவைக் கழித்துக்கொண்டவருக்கு அது பெருங்கவலையும் அன்று. செலவு ஒருவருக்கும் வரவு வேறொருவருக்குமாகப் பிரிந்து கிடக்கும் செயன்முறையில், இடையில் ஒரு கருவியைக் கட்டளையால் செருகினால் அது வெளியே தள்ளப்படும்.

இதே கூடை இதே நாட்டில் வேறோரிடத்தில் எவ்விதச் சச்சரவுமின்றிப் புழங்குவது இதற்குச் சான்று. 1999 அளவில் விவசாயிகளிடமிருந்து நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனத்தின் முறையில், கொள்வனவு நிலையம், லொறி, விநியோக நிலையம், விற்பனைக் கடை ஆகிய நான்கும் ஒரே உரிமையாளருக்குரியவை. கூடை எங்கே சென்றாலும் அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. நசுங்காமல் மிஞ்சும் தக்காளியின் இலாபமும் கூடை வாங்கிய அதே பணப்பெட்டிக்கே திரும்புகின்றது. தம்புள்ளையில் கூடை வெற்றிபெற வேண்டுமானால் தம்புள்ளை ஒரு பேரங்காடியாக மாற வேண்டும் என்பது இதன் பொருளன்று. வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு கூடையை வாடகைக்கு விட்டு, எந்தச் சந்தையில் திருப்பிக் கொடுத்தாலும் வைப்பை மீளளிக்கும் ஒரு பொதுக் கூடைக் களஞ்சியத்தைச் சங்கங்களே கூட்டாக நடத்தியிருக்கலாம், இன்றும் நடத்தலாம். கூடை வாங்குவதைவிட அந்தக் கணக்கை நடத்துவதுதான் கடினம், பயன்தரும் வேலையும் அதுவே.

பொருத்தம் சரியாக அமைந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 இல் தொடங்கியது. ஒரு மண்டபத்தில் கூடிக் கூவி விலை கேட்கும் முறையிலேயே 130 ஆண்டுகளுக்கும் மேலாக அது நடந்துவந்தது. இணையவழி ஏலம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் காரியம் நகரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மண்டபம் மூடப்பட்டதும், ஏப்ரல் 4 ஆம் திகதியே முதலாவது இணையவழி ஏலம் நடந்தேறியது. நெருக்கடிதான் அதைச் சாத்தியமாக்கியது என்று கூறுவது பாதி விளக்கமே. நெருக்கடி தம்புள்ளைக்கும் வந்தது. மற்றப் பாதி, ஏலத்துக்குரிய செயன்முறை ஏற்கெனவே எழுத்தில் இருந்தமை. தேயிலைக்குத் தரப்பெயர்கள் உண்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் இலக்கம் உண்டு, ஏலத்துக்கு முன்பே மாதிரிகள் கொள்வனவாளருக்குப் போய்ச் சேர்ந்து சுவைக்கப்பட்டுவிடும், தரகர் அச்சிட்ட பட்டியல் கையில் இருக்கும், பணம் செலுத்த வேண்டிய நாள் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். மென்பொருள் மாற்றியது குரலையும் சுத்தியலையும் மட்டுமே.

2016 ஏப்ரல் 14 இல் இந்தியா தொடங்கிய தேசிய இலத்திரனியல் வேளாண் சந்தை இந்த வேறுபாட்டை மறுபுறத்திலிருந்து காட்டுகின்றது. தொலைவிலுள்ள வணிகரும் திரையில் விலை கேட்கலாம் என்பது அதன் நோக்கம். ஆனால் தரம் பிரித்துச் சான்றளிக்கும் ஆய்வுகூடமும் நம்பத்தக்க தரப்பெயரும் இல்லாத இடத்தில், கண்ணால் பார்க்காத வெங்காயத்துக்கு எவரும் விலை கேட்கத் துணியமாட்டார். அதனால் பல சந்தைகளில் திரை வந்த பின்னும், அருகிலிருந்து பார்த்துப் பழகிய அதே உள்ளூர் வணிகர்களே அதில் விலை கேட்டார்கள். தம்புள்ளைக்கு இணையவழி ஏலத்தை விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி மென்பொருள் பற்றியதன்று: போஞ்சிக்கு முதலாந்தரம் எது, இரண்டாந்தரம் எது என்று யார் எழுதுவார், சச்சரவு வந்தால் யார் தீர்ப்பார்?

இவ்வளவும் கூறப்பட்டதால், இருக்கும் நடைமுறையை அப்படியே பேணி அதற்கேற்ற கருவியைத் தேடுவதே அறிவுடைமை என்று முடிவுசெய்துவிடலாகாது. முகாமைத்துவ ஆய்வாளர் மைக்கேல் ஹாமர் 1990 இல் எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பிய கட்டுரையில் காட்டிய உதாரணம் இங்கு பொருந்தும். போர்ட் மோட்டார் நிறுவனத்தின் வட அமெரிக்கக் கொடுப்பனவுப் பிரிவில் 500 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கணினி வைத்து அதை 20 சதவீதத்தால் குறைக்கலாம் என்று முதலில் திட்டமிடப்பட்டது. சிறிய நிறுவனமான மஸ்டாவில் அதே வேலையை 5 பேர் செய்வதைக் கண்ட பின்னர், கொள்வனவுக் கட்டளை, பொருள் வந்த பற்றுச்சீட்டு, விற்பவர் அனுப்பும் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கும் வேலையே போர்ட்டில் பெரும்பாலானோரின் நேரத்தை விழுங்குகின்றது என்பது தெரிந்தது. பட்டியலையே வேண்டாமென்று விட்டு, பொருள் வந்திறங்கும் இடத்திலேயே கட்டளையோடு சரிபார்த்துப் பணத்தை விடுவிக்கும் முறை வந்தபோது, ஆட்தொகை 75 சதவீதத்தால் குறைந்தது. நடக்கும் வேலையை முதலில் எழுதாமல் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது; எழுதிய பின் அதில் ஒரு படி தேவையற்றது என்று துணியாமலும் வந்திருக்க முடியாது. ஒன்றை மட்டும் இவ்விடத்தில் சேர்க்க வேண்டும்: தேவையற்ற படி என்று ஒருவர் கோடிடும் இடத்தில் இன்னொருவரின் சோறு இருக்கலாம். நாட்டாமைமாருக்குச் சொல்லாமல் பாரம் தூக்கும் இயந்திரத்துக்கு விலை கேட்கும் சங்கம், செயன்முறையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே எழுதாமல் விட்ட சங்கமாகும்.

இனிக் களஞ்சியம். தம்புள்ளையும் கலேவெலையும் பெரிய வெங்காயத்துக்குப் பெயர்பெற்ற இடங்கள். சிறுபோகத்து அறுவடை ஓகஸ்டுக்கும் ஒக்ரோபருக்கும் இடையில் ஒரேயடியாக வருகின்றது. அப்போது விலை விழுகின்றது, பின்னர் இறக்குமதி வெங்காயத்தின் விலையே சந்தையை ஆள்கின்றது. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்து 2024 மே வரை அத்தடை நீடித்தபோது, இலங்கையின் சமையலறைகள் அதை உடனே உணர்ந்தன. உள்ளூர் வெங்காயத்தைச் சில மாதங்கள் பழுதின்றி வைத்திருக்க முடிந்தால் விவசாயிக்கும் நுகர்வோருக்கும் நன்மை என்பது இதனால் விளங்கும். ஆனால் வயலிலிருந்து ஈரத்தோடு வரும் வெங்காயத்தை, கழுத்து உலரும்வரை பதப்படுத்தாமல் உள்ளே வைத்தால், எவ்வளவு சிறந்த களஞ்சியமும் அழுகலை ஒருசில கிழமைகள் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. ஆகவே களஞ்சியத்தின் முதற்படி களஞ்சியத்துக்கு வெளியே, விவசாயியின் முற்றத்தில் இருக்கின்றது.

இரண்டாவது தடை இன்னும் பெரிது. கடனுக்குப் பயிரிட்டவர் அறுவடை நாளன்றே விற்றாக வேண்டும். டிசம்பரில் விலை ஏறும் என்று திரையும் செயலியும் எத்தனை முறை சொன்னாலும் அவரால் காத்திருக்க இயலாது. அவருக்குக் களஞ்சியம் பயன்பட வேண்டுமானால், உள்ளே வைத்த வெங்காயத்தின் நிறையையும் தரத்தையும் குறித்துக் களஞ்சியம் கொடுக்கும் பற்றுச்சீட்டைப் பிணையாக ஏற்று வங்கி உடனே ஒரு பகுதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். களஞ்சியப் பற்றுச்சீட்டுக் கடன் என்று அழைக்கப்படும் இம்முறை நெல், சோளம் போன்ற உலர்தானியங்களுக்கு இந்நாட்டில் அறிமுகமானதே. வைத்த இடத்தில் நிறை குறையும், முளைக்கும், அழுகும் இயல்புடைய வெங்காயத்துக்கு அதை நீட்டும்போது, எத்தனை சதவீத நிறையிழப்பு இயல்பானதென்று ஏற்கப்படும், அதற்கு மேற்பட்டதை யார் ஏற்பார் என்பவை எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால், காத்திருக்க ஏற்கெனவே வசதியுள்ள சிலரின் சரக்கே அக்களஞ்சியத்தை நிரப்பும். அது குற்றமன்று; ஆயினும் அரசுகள் இரண்டும் சேர்ந்து அமைத்த களஞ்சியத்தின் நோக்கம் அதுவாக இருந்திருக்க முடியாது.

தோட்ட நிர்வாகங்களுக்குரிய பகுதி சுருக்கமானது, ஆனால் அதை ஒதுக்கிவிட முடியாது. எல்கடுவைப் பக்கமும் ரத்தோட்டை மலைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் நாட்சம்பளம் நிறுவையில் தங்கியிருக்கின்றது. கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்கப்பிள்ளை எழுதும் எண்ணைக் கொண்டே அன்று முழுப்பேரா (முழுநாட் சம்பளமா) அரைப்பேரா என்பதும், மேலதிகக் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்பதும் தீர்மானமாகின்றன. இலத்திரனியல் தராசும் அதனோடு இணைந்த அட்டையும் எழுத்துப் பிழையைக் குறைக்கும், காரியாலயக் கணக்கை அன்றிரவே முடிக்கும். ஆனால் எண் நேராகக் கணினிக்குப் போகும்போது, தொழிலாளி தன் கையில் வைத்திருந்த துண்டு மறைந்துவிட்டால், சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது என்பதை அவர் மாதக்கடைசியில்தான், அதுவும் மொத்தத் தொகையாக மட்டுமே அறிவார். பழைய முறையில் கணக்கப்பிள்ளையோடு அந்த இடத்திலேயே வாதாட முடிந்தது. கணினியோடு வாதாட முடியாது. நிறுத்த நிறை, கழித்த நிறை, மிகுந்த நிறை ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிட்டு அவ்விடத்திலேயே கையில் கொடுக்கும் சிறு அச்சுப்பொறி, தராசின் விலையோடு ஒப்பிடுகையில் அற்பச் செலவு. விலைமனுக்களில் அது விருப்பத்துக்குரிய இணைப்பு என்று கடைசி வரியில் இருந்தால், அதை முதல் வரிக்கு ஏற்றும்படி தொழிற்சங்கங்கள் கேட்பது நியாயம்.

மாத்தளை நகரின் மிளகு வியாபாரிகளுக்கு ஒரு குறிப்பு மட்டும்: ஈரப்பதன்மானி ஒவ்வொரு விளைபொருளுக்கும் தனித்தனியாக அளவுதிருத்தம் செய்யப்பட வேண்டிய கருவி. நெல்லுக்கென்று அளவுதிருத்தப்பட்ட மானியை மிளகில் செருகிப் படிக்கும் எண், உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கும் அனுபவசாலியின் கணிப்பைவிடத் துல்லியமானதாகத் தோன்றும், துல்லியமானதாக இராது. அந்த எண்ணைக் கொண்டு விலையைக் குறைத்தால் விற்பவருக்கு இழைக்கப்படும் அநீதிக்குக் கருவியின் கௌரவமும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே தங்கள் சங்கங்களிடமும் நிர்வாகங்களிடமும் வேண்டப்படுவது பெரிய செலவுள்ள காரியம் அன்று. அடுத்த சிறுபோக வெங்காயம் சந்தைக்கு வருவதற்கு முன், களஞ்சிய நிர்வாகமும் வர்த்தகர் சங்கமும் விவசாயிகள் அமைப்புகளும் வங்கிகளும் நாட்டாமைமாரின் பிரதிநிதிகளும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, விதை வாங்கும் நாளிலிருந்து பணம் கைக்கு வரும் நாள்வரை ஒரு மூட்டை வெங்காயம் கடக்கும் ஒவ்வொரு படியையும், அப்படியில் முடிவெடுப்பவரையும், நட்டத்தை ஏற்பவரையும், எஞ்சும் சான்றையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். எழுதுபவர் அலுவலக அறையில் இருந்து எழுதாமல், இரவு லொறி வரும் நேரத்தில் கடைவாசலில் நின்று பார்த்து எழுத வேண்டும். தோட்டங்களில் அதே வேலையைக் கொழுந்து நிறுக்குமிடத்தில், பறிப்பவர்களையும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அந்த எழுத்து கைக்கு வந்த பின்னரே விற்பவர்களை அழைத்து, இன்ன படியில் இன்ன குறை இருக்கின்றது, அதைத் தீர்க்கும் கருவி உண்டா என்று கேட்கும்படியும், அவ்வெழுத்தைப் படிக்காமல் வரும் விலைமனு எதனையும் ஏற்காதிருக்கும்படியும் தங்கள் அனைவரையும் இம்மடல் கேட்டுக்கொள்கின்றது.